தொட்டிக்குப் பின்னால் ஒரு கிண்ணம் வெள்ளரிக்காய்

என்னங்க,

இப்படிக் கூப்பிட்டால் பேப்பருக்குப் பின்னாலிருந்து "ம்ம், சொல்லு" என்று வருமே, அதற்காக ஒரு நிமிஷம் சும்மா இருந்துவிட்டுத்தான் எழுத ஆரம்பிக்கிறேன். வராது என்று தெரியும். முப்பத்திரண்டு வருஷப் பழக்கம், என்ன செய்ய?

ஞாயிற்றுக்கிழமை மொட்டைமாடியில் மறுபடி அடுப்பு பற்ற வைத்தோம். எனக்கு இஷ்டமே இல்லை. நம் பெண் நித்யாதான், "வருஷத் திவசமும் முடிஞ்சிடுச்சும்மா. பாபாவுக்குப் புடிச்ச விஷயம் அது, ஒரே ஒரு தடவை, ப்ளீஸ்" என்று தொங்கினாள். அப்பா என்று சொல்ல வைக்க நானும் எவ்வளவோ பார்த்தேன், இன்னமும் பாபாதான். கீழ்வீட்டுத் தபனையும் அவளே இழுத்துக்கொண்டு வந்தாள். ஹவுராவில் தன் பட்டறையில் பீப்பாயைப் பாதியாக வெட்டி அந்த அடுப்பை உங்களுக்காகவே அடித்துக்கொண்டு வந்தவன், நீங்கள் போனதிலிருந்து நம் வாசல்படி மிதிக்கவில்லை. மாடிப்படியில் எதிரே வந்தால் தன் செருப்பையே பார்த்துக்கொண்டு போய்விடுவான். என்ன கோபமோ, நமக்கென்ன என்று நானும் விட்டுவிட்டேன்.

மீனும் கோழியும் சுடுவது அவன் பாடு, காய் என் பாடு. நீங்கள் இந்த ஊரிலேயே பிறந்து மீன் தின்று வளர்ந்தவர். நான் கல்யாணமாகி வந்த முதல் கோடையில் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றதைப் பார்த்து, "சரி விடு, தொட்டுக்கக் காரசாரமா ஏதாவது நறுக்கிக் குடு" என்றீர்கள். அன்றிலிருந்து அதுதான் என் வேலை.

இந்தத் தடவையும் அதே மாதிரிதான் செய்தேன். வெள்ளரிக்காய் முனையை வெட்டி, வெட்டின துண்டாலேயே நுரை வரத் தேய்த்துக் கசப்பை எடுத்தேன். காரட், வெங்காயம், பச்சை மிளகாய், ஒரு புளிப்பு மாங்காய். சீரகத்தையும் வரமிளகாயையும் கருக வறுத்துப் பொடித்துத் தூவி, கடுகு தாளித்துக் கொட்டினேன். உப்பை மட்டும் மீன் தணலை விட்டு இறங்கும்போதுதான் போட வேண்டும், இல்லாவிட்டால் காய் தண்ணீர் விட்டுவிடும். எனக்குத் தெரியாதா இது? ஆனால் கை தன்பாட்டுக்கு முன்னாடியே போட்டுவிட்டது. ஒரு வருஷமாக மனசு எதிலும் நிற்பதில்லை. மாடி ஏறுவதற்குள் கிண்ணத்தில் தண்ணீர் தேங்கிவிட்டது.

போன வருஷம் அதே மாடியில் நான் பண்ணினதை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். கிட்னி போன பிறகு ஒரு நாளைக்கு ஒரு பாட்டில் தண்ணீர்தான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். ரசம், டீ, மாத்திரை விழுங்கும் மடக்கு எல்லாம் அதில் சேர்த்தி. வெள்ளரிக்காயும் தண்ணீர்தானம்மா, அதையும் பார்த்துக் கொடுங்கள் என்றார். பார்த்துப் பார்த்துக் கொடுத்தேன். அந்த வெயிலில் நாக்கு ஒட்டிக்கொண்டு உங்களுக்குப் பேச்சே வராது. நான் பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, "ரெண்டு மடக்குதான் மிச்சம், அப்புறம் வேணும்" என்பேன்.

அன்றைக்கு மாடியில் இரண்டு துண்டு தின்றுவிட்டு மூன்றாவதற்குக் கை நீட்டினீர்கள். தட்டைப் பிடுங்கினேன். "வெக்கமா இல்ல? சின்னக் குழந்தையா நீங்க?" என்று அத்தனை பேர் முன்னால் கேட்டேன். நீங்கள் சிரித்துக்கொண்டே விரலை லுங்கியில் துடைத்துக்கொண்டீர்கள்.

மறுநாள் டயாலிசிஸில் எடை பார்த்த நர்ஸ், கூடுதலாக ஏறியிருக்கிறதே, தண்ணீர் நிறையக் குடித்தாரா என்று கேட்டாள். நான் சண்டைக்கே போய்விட்டேன். "என் கையால அளந்து குடுக்கறேன். உங்க மெஷின்தான் தப்பு!" நீங்கள் கண்ணை மூடிக்கொண்டு படுத்திருந்தீர்கள். அதே வாரம் வியாழக்கிழமை காலையில் போய்ச் சேர்ந்துவிட்டீர்கள். ஆசைப்பட்டதைக் கொடுக்காமல் அனுப்பிவிட்டேனே என்று இத்தனை நாளும் நான் வெள்ளரிக்காயே வாங்கவில்லை.

இந்த ஞாயிற்றுக்கிழமை தபன் கிண்ணத்தை எட்டிப் பார்த்தான். அந்தத் தண்ணீரைப் பார்த்ததும் அவன் முகமே மாறிப்போயிற்று. இடுக்கியை வைத்துவிட்டுத் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் போய் நின்றான். நான் பின்னாலேயே போனேன். பெங்காலியில்தான் பேசினான், தமிழில் எழுதுகிறேன்.

"பௌதி, தாதாவை நான்தான் கொன்னுட்டேன்."

நீங்கள் அவனுக்குத் தாதா, அண்ணன்; நான் பௌதி, அண்ணி. அப்படி என்னைக் கூப்பிட்டே ஒரு வருஷமாயிற்று. முதல் பேச்சு இதுவா?

"என்ன உளர்ற?"

"அன்னிக்கு நீங்க கீழ போனதும், மிச்சம் இருந்த கிண்ணத்தை இந்தத் தொட்டிக்குப் பின்னாடி கொண்டுவந்து குடுத்தேன். அவர் கேக்கல, பௌதி. உதட்டை நக்கிக்கிட்டே நின்னார், என்னால பாக்க முடியல. முழுசும் சாப்பிட்டார். அடியில நின்ன தண்ணியையும் கிண்ணத்தோட தூக்கிக் குடிச்சார்."

அந்த மெஷின் சரியாகத்தான் காட்டியிருக்கிறது.

"ஏதாவது சொன்னாரா?"

"ஆகான்னார். அப்புறம், 'மங்களாகிட்ட சொல்லிடாதே, பாவம், பயந்துடுவா'ன்னார்."

நானா பாவம்? ஏங்க, ஒரு வெள்ளரிக்காயை எனக்குத் தெரியாமல் தொட்டி மறைவில் நின்று நீங்கள் தின்கிற அளவுக்கு என்னைப் பொல்லாதவளாக ஆக்கிவிட்டீர்களா, நானே அப்படி ஆகிவிட்டேனா? நான் கத்தினதெல்லாம் பயத்தில்தான் என்று உங்களுக்குத் தெரிந்திருக்கிறது. என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? அந்த "ஆகா"வை நான் கேட்டிருக்க வேண்டும், கேட்டவன் அவன். தபன்மேல் எனக்கு ஆத்திரம், பொறாமை, இரண்டும்தான். அவனை அங்கேயே விட்டுவிட்டு இறங்கி வந்துவிட்டேன்.

இன்றோடு நான்கு நாள். அவன் பட்டறைக்குப் போகவில்லை. படியில் என் காலடி கேட்டால் கதவைத் திறக்கிறான், என் முகத்தைப் பார்க்கிறான், மூடிக்கொள்கிறான்.

அந்த டாக்டர் ஜாதவ்பூரில்தான் கிளினிக்கில் உட்காருகிறார். ஆட்டோ பிடித்தால் பத்து நிமிஷம். அந்தக் கிண்ணத்தால்தானா என்று கேட்டுவிடலாமென்று நேற்று செருப்பைக்கூட மாட்டிவிட்டேன். ஆமாம் என்றால் தபன் எப்படி நடமாடுவான்? இல்லை என்றால், ஒன்றுமில்லாததற்கா உங்களை அப்படி வாட்டினேன்? செருப்பைக் கழற்றிவிட்டேன்.

நாளைக் காலையில் தபன் வீட்டுக்குப் போகிறேன். "டாக்டரைக் கேட்டுட்டேன்ப்பா. அதனால இல்லவே இல்லைன்னு சொல்லிட்டார்" என்று சொல்லப் போகிறேன். அவனுக்குத் தமிழ் படிக்கத் தெரியாது, அதனால்தான் இங்கே தைரியமாக எழுதுகிறேன். உங்களுக்கு ஒரு சத்தியம் பண்ணிக் கொடுக்கிறேன். நான் உயிரோடு இருக்கிறவரை அந்த டாக்டரைக் கேட்கவே மாட்டேன்.

உங்கள் மனைவி,
மங்களா