முடிந்த வேலைக்குக் காசில்லையாம்

ஒக்டோபர் 15, செவ்வாய்

எழுதாமல் படுத்தால் நித்திரை வராது. பிரதேச செயலகத்தில் இன்று எனக்குப் பெரிய அநியாயம் நடந்தது.

ஊர் வெள்ளம் கடலுக்கு வடிகிற தோணாவை எங்கள் சங்கத்துப் பதினொரு பேரும் நாலு வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்து இறங்கிப் பாதி துப்புரவாக்கினோம். மிச்சத்துக்கு மண் அள்ளுகிற பெக்கோ மெசின் வாடகைக்குப் பிடிக்க வேண்டும். தொண்டர் சங்கங்களுக்கு அரசாங்கம் காசு தருகிறதென்று கேள்விப்பட்டு நான்தான் விண்ணப்பம் எழுதினேன். எட்டாம் வகுப்போடு நின்றாலும், என்னைப் போல எழுத இந்தக் கல்முனைக்குடியில் ஆளில்லை.

அங்கே உத்தியோகத்தராக இருக்கிற இளம் பிள்ளை அதை வாசித்துவிட்டுச் சிரிக்கிறா.

"மாமா, முந்நூறு பேர் சேர்ந்து தோணா முழுக்கத் துப்புரவாக்கிட்டம், அடியில ஊசி கிடந்தாலும் தெரியும் எண்டு எழுதியிருக்கீங்க. முடிஞ்ச வேலைக்குக் காசு தர ஏலாது."

"அது ஒரு அழகுக்கு எழுதின மகள்! வந்து பாருங்க, பாசிக்கு மேல இன்னும் மாடு நடக்கும்."

"அப்ப திருத்தி எழுதித் தாங்க. அடுத்த தவணை ஜனவரியில."

ஜனவரியிலா? மாரி வெள்ளம் வீட்டுக்குள் வந்து போன பிறகா? வேலை செய்தவன் நாலு வார்த்தை பெருமையாக எழுதக் கூடாதா? நான் ஒருவனே ஐம்பது பேருக்குச் சமம். அப்படிப் பார்த்தால் முந்நூறு குறைவு.

தோணாக் கரையில் குடியிருக்கிற என் மூத்த சகோதரி, ராத்தா, மஃரிப் தொழுகைக்குப் பிறகு ஃபோன் எடுத்தா.

"காசு கிடைச்சதா தம்பி?"

"ஓம் ராத்தா, நாளைக்கே பெக்கோ வருது."

ஏன் அப்படிச் சொன்னேனோ தெரியாது. வெள்ளத்துக்குப் பயந்து கட்டிலில் ஏற்றி வைத்த நெல் மூட்டைகளை இறக்கப் போகிறேன் என்று சொல்லி ராத்தா சந்தோசமாக ஃபோனை வைத்துவிட்டா. இறக்க வேண்டாமென்று சொல்ல மூன்று தரம் திருப்பி ஃபோன் எடுத்துவிட்டேன். மூட்டை இறக்குகிறா போல, ஃபோனைத் தூக்குகிறா இல்லை.