மைதானத்தில் மாற்றிய வெற்றிலை

வண்ணார்பேட்டை,
மாசி 8, செவ்வாய்.

அன்பு மகள் சுகன்யாவுக்கு அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் நல்லபடியாக ஊர் வந்து சேர்ந்து நல்லபடியாகவே சண்டை போட்டுக்கொண்டிருக்கிறோம், நீயும் அங்கே குளிரில் குறைவில்லாமல் இருப்பாய் என்று நம்புகிறேன். வீட்டுக்குத்தான் இன்னும் உடம்பு தேறவில்லை. மார்கழி வெள்ளம் ஏறிய கோடு ஹால் சுவரில் அப்படியே நிற்கிறது, சுண்ணாம்பு அடித்தால் இரண்டு நாள் ஒளிந்திருந்துவிட்டு மறுபடி எட்டிப் பார்க்கிறது. கடையில் நனைந்த சுவிட்சும் ஒயரும் போக மிச்சத்தை வைத்து வியாபாரம் ஓடுகிறது. தெருவில் எனக்கு இப்போது லண்டன் அண்ணாச்சி என்று பெயர். லண்டன் இல்லை, கார்டிஃப், அது வேல்ஸ் நாடு, வேறே என்று முதல் இரண்டு நாள் விளக்கிப் பார்த்தேன், கேட்டவர்கள் எல்லாரும் நான் பாதி வழியில் இறங்கிவிட்டதுபோல் பரிதாபமாகப் பார்த்தார்கள், ஆகவே நானும் லண்டன் என்றே ஒத்துக்கொண்டுவிட்டேன்.

நிற்க. நீ ரீஸைக் கட்டிக்கொள்ளும் விஷயத்தில் அப்பா என்னதான் முடிவு எடுத்திருக்கிறார் என்று நீ போனில் எத்தனையோ தடவை கேட்டுவிட்டாய். நானும் கடையில் ஆள் நிற்கிறது, டவர் கிடைக்கவில்லை என்று நழுவிக்கொண்டே வந்தேன். போனில் சொல்ல ஆரம்பித்தால் உன் அம்மா பிடுங்கிக்கொண்டு அவள் கட்சியை மட்டும் சொல்லுவாள், அதனால்தான் காகிதம் எடுத்தேன். உள்ளதைச் சொன்னால் முடிவு எதையும் நான் எடுக்கவில்லை, அது ரக்பி மைதானத்தில் இடைவேளையில் தானாக நடந்துவிட்டது. அன்றைக்கு உனக்கு ஆஸ்பத்திரியில் டூட்டி. ரீஸ் எங்களுக்குச் சாம்பார் வைக்கப்போகிறேன் என்று வீட்டில் நின்றுவிட்டான். ஆகவே நடந்தது ரீஸின் அப்பா கேரத், அம்மா பியோனா, உன் அம்மா, நான் ஆகிய நான்கு பேருக்குத்தான் தெரியும், அதிலும் இரண்டு பேருக்கு என்ன நடந்தது என்றே இன்றுவரை தெரியாது.

நான் எந்த மனநிலையில் விமானம் ஏறினேன் என்று உனக்குத் தெரியும். பையனைப் பற்றிக் குறை ஒன்றுமில்லை, பார்த்த அன்றே எனக்குப் பிடித்துவிட்டது, அதை வெளியே காட்டாமல் இருக்கத்தான் முகத்தை அப்படி வைத்திருந்தேன். என் பயம் வேறு. என் அக்கா, உன் வள்ளியூர் அத்தை, நாங்கள் கிளம்புகிற அன்றைக்கு வாசலில் நின்று சொன்னாள், ஏலே பிச்சக்கண்ணு, நல்லா யோசிச்சுக்க, வெள்ளக்காரன் வீட்டுக்குள்ள போனா பிள்ளைக்குப் பேரு மாறும், சாப்பாடு மாறும், சாமி மாறும், பைய பைய அவளே மாறிருவா, அப்புறம் நீ போன் போட்டா ஹலோ யாருன்னு கேப்பா என்று. அவள் சொன்னால் நான் சிரிப்பேன், ஆனால் இந்தத் தடவை சிரிப்பு வரவில்லை, ஏனென்றால் அது என் வயிற்றுக்குள் ஏற்கெனவே இருந்த பேச்சு. நீ சின்ன வயதிலிருந்தே யார் வீட்டுக்குப் போனாலும் அந்த வீட்டுக்காரர்களுக்கு இணங்கிப் போகிற பிள்ளை. அவ்வளவு பெரிய ஊரில், அவர்கள் அத்தனை பேருக்கு நடுவில், நீ ஒருத்தி எவ்வளவு நாள் நீயாக இருப்பாய் என்பதுதான் என் கேள்வி. அதை உன்னிடம் கேட்க எனக்கு வாய் வரவில்லை, ஊருக்குப் போய் அக்காவிடம் கலந்து சொல்லுகிறேன் என்று அவள் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன்.

ஆனால் உன் அம்மா லேசுப்பட்டவளா. பெட்டியில் பட்டுச்சேலைக்கு நடுவில் வெள்ளித் தாம்பாளமும் குங்குமச்சிமிழும் வைத்துக் கட்டியிருந்தாள். எதுக்கு இது என்றால், கிடக்கட்டும், உங்களுக்குப் பாரமா இருக்கா என்று கேட்டாள். அதைப் பார்த்ததிலிருந்து நான் உஷார். நம் பக்கத்தில் இரண்டு வீட்டுப் பெரியவர்கள் வெற்றிலை பாக்கு மாற்றிவிட்டால் பேச்சு முடிந்தது, அப்புறம் பின்வாங்கினால் சொந்தக்காரன் ஒருத்தனும் நம் வீட்டு வாசல் மிதிக்க மாட்டான். அதனால் அவர்கள் வீட்டில் கேக் தின்றேன், சூப் குடித்தேன், அந்தக் கல்லுமாதிரி ரொட்டியையும் தின்றேன், வெற்றிலையை மட்டும் வெளியே எடுக்கவில்லை. நம் ஆட்கள் கடையில் வாங்கியதைக் கோட்டுப் பையில் ஒளித்து வைத்துக் குளியலறையில் போய்ப் போட்டுக்கொண்டு வந்தேன். நீ ஒருநாள் அப்பாவுக்கு வயிறு சரியில்லையோ என்று மாத்திரை கொடுத்தாயே, காரணம் அதுதான்.

சனிக்கிழமை ஆட்டம் வேல்ஸுக்கும் ஸ்காட்லாந்துக்கும். கேரத் அந்த ஊர்க்காரர், பியோனா ஸ்காட்லாந்திலிருந்து வாழ வந்தவர் என்று நீ சொல்லித்தான் தெரியும், ஆனால் அது இவ்வளவு பெரிய விஷயம் என்று நீ சொல்லவில்லை. அவர் சிவப்புச் சட்டை, அந்தம்மா கருநீலச் சட்டை, அதே நிறத்தில் கழுத்துத் துண்டும் குல்லாயும். தெரு பூராவும் சிவப்பு. ஆனித் தேரோட்டத்துக்கு ரத வீதியில் போகிறதுபோல் ஜனம். என் இங்கிலீஷ் கண்ணால் கேட்டுக் கையால் பேசுகிற ரகம் என்பது உனக்குத் தெரியும், இருந்தாலும் புருஷன் பெண்டாட்டி சண்டை எந்தப் பாஷையிலும் விளங்கும். தெரிஞ்சவன் எவனும் பார்த்திரக் கூடாது, நீ பத்தடி தள்ளி வா என்கிறார் இவர். தோத்த பிறகு உனக்குக் கை நடுங்கும், கார்ச் சாவியை இப்பவே கொடு என்கிறார் அந்தம்மா. உன் அம்மாவுக்குப் பரம சந்தோஷம். நம்ம வீடு மாதிரியே இருக்கு என்று என் காதில் சொன்னாள்.

ஆட்டம் தொடங்குமுன் இரண்டு நாட்டுப் பாட்டும் பாடினார்கள், முதலில் விருந்தாளி நாட்டின் பாட்டு. எங்கள் வரிசையில், முன் வரிசையில், பின் வரிசையில் எல்லாம் சிவப்பு. அதற்கு நடுவில் பியோனா ஒருத்தர் எழுந்து நின்று, கண்ணை மூடிக்கொண்டு, அடிவயிற்றிலிருந்து பாடினார். எனக்கு உன் ஞாபகம் வந்துவிட்டது. கேரத் என்ன செய்கிறார் என்று பார்த்தேன். குல்லாயைக் கழற்றிவிட்டுப் பக்கத்தில் நின்றார், பியோனாவின் கைப்பையை வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டார், பின்னாலிருந்து ஒருவன் கேலியாக ஊளையிட்டபோது திரும்பி, என் வீட்டம்மா பாடுறாங்க, முடிகிறவரைக்கும் வாயை மூடு என்றார். சத்தமே போடாமல் சொன்னார். அவன் மூடிக்கொண்டான். பாட்டு முடிந்ததும் பையைத் திருப்பிக் கொடுத்து, சுருதி சேரவில்லை என்று ஒரு குத்தும் குத்தினார். நான் உட்கார்ந்தேன், எதிரே ஆட்டம் தொடங்கியதைக் கவனிக்கவில்லை. எங்கள் சொந்தத்தில் பெண்டாட்டி பிறந்த ஊர்ப் பெருமையை முழுசாகப் பாடி முடிக்கவிட்ட ஆம்பளை யார் என்று யோசித்துப் பார்த்தேன், ஒரு பெயரும் அகப்படவில்லை. என் பெயரையும் சேர்த்துத்தான் தேடினேன்.

ஆட்டத்தைப் பற்றி நான் சொல்லக் கூடாது, ஆனாலும் சொல்லுகிறேன். பந்து பப்பாளிப்பழம் மாதிரி. முன்னால் போக வேண்டுமானால் பந்தைப் பின்னால்தான் எறிய வேண்டுமாம். அவ்வப்போது தேரைக் கிளப்பப் பின்னாலிருந்து தடி போடுகிற ஆட்கள் போல் எட்டு எட்டுப் பேர் தோளைக் கோத்துக்கொண்டு எதிரெதிரே முட்டுகிறார்கள், தேர் மட்டும் இல்லை. இடைவேளை வந்தபோது ஸ்காட்லாந்து இருபது, வேல்ஸ் ஒன்றுமில்லை. கேரத் தலையைக் கையில் பிடித்துக்கொண்டு, ஆள் செத்த துஷ்டி வீட்டில் உட்கார்ந்திருக்கிறவர் மாதிரி குனிந்து உட்கார்ந்திருந்தார். எனக்கு மனசு பொறுக்கவில்லை. பக்கத்தில் ஒரு மனுஷன் இப்படி இருந்தால் நம்மூரில் என்ன செய்வோம், பேச்சுக் கொடுக்க மாட்டோம், வெற்றிலையை நீட்டுவோம். முப்பது வருஷமாகக் கடையில் செய்கிற காரியம், கை தானாகக் கோட்டுப் பைக்குள் போய்விட்டது. நல்ல வெற்றிலையாக இரண்டு எடுத்துத் துடைத்து, சுண்ணாம்பு தடவி, மேலே பாக்கை வைத்து, சாப்பிடும் சம்பந்தி, மனசு லேசாகும் என்று நீட்டினேன். ஆமாம், சம்பந்தி என்றே சொன்னேன், அது எங்கிருந்து வந்தது என்று என்னைக் கேட்காதே. அவர் என்ன செய்தார் தெரியுமா, சட்டென்று எழுந்து நின்று, இரண்டு கையையும் சேர்த்து ஏந்தி வாங்கினார். அப்பா எதைக் கொடுத்தாலும் இரண்டு கையால் வாங்க வேண்டும் என்று நீ அந்த வீட்டில் பாடம் நடத்தியிருக்கிறாய் என்பது அப்புறம்தான் தெரிந்தது, கள்ளி. வாங்கியவருக்கு ஏதாவது திருப்பித் தர வேண்டும் என்று தோன்றியிருக்கிறது, பையில் ஒன்றுமில்லை, கழுத்தில் கிடந்த சிவப்புத் துண்டை எடுத்து என் தோளில் போர்த்திவிட்டார். அதைப் பார்த்த பியோனா சும்மா இருப்பாரா, அவருடைய நீலத் துண்டை எடுத்து உன் அம்மாவுக்குப் போர்த்தினார். நான் சிரித்துக்கொண்டே திரும்பினால் உன் அம்மாவுக்குக் கண் நிறைந்திருக்கிறது. என்னட்டி என்றேன். என்ன காரியம் செஞ்சிருக்கியன்னு தெரியுதா, வெத்தல மாத்தியாச்சு, துண்டும் போத்தியாச்சு, இனி உங்க அக்கா இல்ல, ஊரே கூடி வந்தாலும் முடிஞ்சது முடிஞ்சதுதான் என்றாள். எனக்கு அப்போதுதான் உறைத்தது. எந்தப் பொறிக்குப் பயந்து நான் ஒரு வாரமாகக் குளியலறைக்குள் ஒளிந்தேனோ அதில் நானே போய்த் தலையைக் கொடுத்திருக்கிறேன், அதுவும் ஆயிரக்கணக்கான சாட்சிகளுக்கு முன்னால். பயம் வரும் என்று பார்த்தேன், வரவில்லை. ரொம்ப நாளாக மூச்சை அடக்கிக்கொண்டிருந்தவன் விட்டதுபோல் இருந்தது.

அதற்குப் பிறகு நடந்ததைக் கேள். கேரத் வெற்றிலையை மென்று வாயெல்லாம் சிவந்துவிட, உன் நாட்டுக்கு அங்கே புள்ளி ஒன்றும் ஏறவில்லை, உன் வாய்க்காவது சிவப்பு ஏறியதே என்று பியோனா சிரித்தார். அவர் சொல்லி வாய் மூடவில்லை, வேல்ஸ் அடிக்கத் தொடங்கியது. நான் சிவப்புத் துண்டுக்காரன், எழுந்து நின்று கத்துகிறேன். உன் அம்மா நீலத் துண்டுக்காரி, சம்பந்தியம்மாவை விட்டுக்கொடுக்க மாட்டாளாம், ஏலே விடாத, அவன் கால வாருலே என்று நெல்லைத் தமிழில் ஸ்காட்லாந்துக்கு உத்தரவு போடுகிறாள். வரிசையில் உள்ள சிவப்புச் சட்டைகள் எல்லாம் திரும்பிப் பார்த்தன. நான் கையைப் பிடித்து உட்காரட்டி என்றால், நீங்க உங்க ஆளப் பாருங்க என்று உதறிவிட்டாள். கடைசியில் ஒரே ஒரு புள்ளியில் வேல்ஸ் தோற்றது. கேரத் எழுந்து, ஜெயித்த பெண்டாட்டியின் கோட்டுக்குப் பொத்தான் போட்டுவிட்டு, கார்ச் சாவியை அவர் கையில் கொடுத்தார். நடந்து வரும்போது நான் பியோனாவிடம் எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் கேட்டுவிட்டேன், இத்தனை வருஷத்தில் இவர் உங்களைச் சிவப்புச் சட்டை போடச் சொன்னதே இல்லையா என்று. அவர் நின்று என்னைப் பார்த்தார், நான் எதைக் கேட்கிறேன் என்று புரிந்திருக்கும் போல. சொல்லியிருந்தால் அன்றைக்கே ரயில் ஏறியிருப்பேன், அது அவருக்கும் தெரியும், என் மகனுக்கும் தெரியும் என்றார். மகனுக்கும் என்பதை அழுத்திச் சொன்னார்.

அன்றிரவே உன்னிடம் சொல்லியிருக்கலாம். ஆனால் அத்தைக்குத் தெரியாமல் தாம்பூலம் மாற்றியவன் என்ற பெயரோடு ஊருக்குள் வர எனக்குத் தைரியம் இல்லை, அவளிடம் நானே நேரில் சொன்ன பிறகுதான் உனக்கு என்று அம்மாவின் வாயையும் கட்டிவைத்தேன். நேற்றுத்தான் வள்ளியூர் போனேன். சொல்லி முடித்துவிட்டு, செருப்பை எட்டுகிற தூரத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அத்தை ஒரு வெற்றிலையை எடுத்துக் காம்பைக் கிள்ளிச் சுண்ணாம்பு தடவினாள். அப்புறம், ஏலே, ரெண்டு கையாலயுமா வாங்குனாரு என்று கேட்டாள். ஆமாக்கா, எழுந்து நின்னு வாங்குனாரு என்றேன். அப்போ சரி, நம்ம வீட்டு முத்துலெட்சுமிக்கு நிச்சயம் பண்ணத் திசையன்விளையில இருந்து வந்த சம்பந்தி ஒத்தக் கையால வாங்கிட்டு, கையை மடக்குமுன்ன பவுனு எம்புட்டுன்னுல்லா கேட்டான், நாள் பாருலே என்றாள். அவ்வளவுதான். திரும்பி வருகிற பஸ்ஸில் நான் வண்ணார்பேட்டையைத் தாண்டிப் போகிற அளவுக்குத் தூங்கிவிட்டேன். இத்தனை நாளில் முதல் தூக்கம் அது.

ஆகவே தாயி, அப்பாவுக்கு முழுச் சம்மதம். ஆவணியில் நாள் பார்க்கச் சொல்லியிருக்கிறேன், கேரத்துக்கும் பியோனாவுக்கும் நடந்தது நிச்சயதாம்பூலம் என்பதை நீயும் ரீஸுமாகச் சேர்ந்து பக்குவமாக எடுத்துச் சொல்லுங்கள், திடுக்கிட்டுவிடப் போகிறார்கள். டூட்டி முடிந்து வரும்போது காதை மூடிக்கொண்டு வா, பட்டினியாகப் படுக்காதே, அம்மா கொடுத்த பொடியை அலமாரியில் வைத்துப் பூசை பண்ணாமல் போட்டுச் சாப்பிடு. ரீஸின் சாம்பாரில் புளி கொஞ்சம் கூடுதல், ஆனால் அதை அவனிடம் கல்யாணத்துக்குப் பிறகு சொல். காந்திமதியம்மன் உங்கள் இரண்டு பேருக்கும் துணை. கடைசியாக ஒன்று. அந்த வீட்டில் இரண்டு கட்சி முப்பது வருஷமாக ஒரே கூரைக்குள் இருப்பதை நான் கண்ணால் பார்த்துவிட்டேன். மூன்றாவதாக நீ போ, போய் உன் பாட்டை முழுசாகப் பாடு, பையைப் பிடித்துக்கொள்ள அங்கே ஆள் இருக்கிறது.

இப்படிக்கு,
தோற்ற கட்சியைச் சேர்ந்த உன் அப்பா,
பிச்சைக்கண்ணு