ஒட்டாத சிப்பாய்கள்

பாளையங்கோட்டை,
கார்த்திகை 24, திங்கட்கிழமை.

அன்புள்ள அண்ணனுக்கு,

அம்மா நலம், நான் நலம். அப்பாவும் நலம் என்றே எழுதச் சொன்னார்கள், ஆனால் வலது கையில் பெருவிரலும் ஆள்காட்டி விரலும் கட்டுக்குள் இருக்கும்போது அந்த ஒரு வரியை மட்டும் எழுதிவிட்டு மேலே போக எனக்கு மனம் வரவில்லை. பயப்படாதே, சின்னத் தீக்காயம்தான், இன்னும் ஒரு வாரத்தில் கட்டைப் பிரித்துவிடலாம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். உண்மையில் இது அப்பா உனக்கு எழுதும் கடிதம், பேனா பிடிக்க முடியாததால் நான் எழுதுகிறேன். "எனக்கு ஆபீஸ் கடுதாசிதான் வரும், நடந்தத நீயே உம் போக்குல எழுதுட்டீ" என்று சொல்லிவிட்டுப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார்கள். இங்கே நாலு நாளாக விடாத மழை, ஆற்றில் தண்ணீர் ஏறி குறுக்குத்துறைக் கோயிலுக்குள் போய்விட்டது. போலந்தில் இப்போது பனி விழுமே, காதை மூடிக்கொண்டு வெளியே போகிறாயா என்று அம்மா அடுப்படியிலிருந்து இரண்டு தடவை கேட்டுவிட்டாள்.

போன மாதம் நீ போனில் அம்மாவிடம், சிநேகிதன் யாசர் ஊருக்கு வந்திருக்கிறான், திரும்பி இங்கே வரும்போது என் சிப்பாய்ப் பெட்டியை அவனிடம் கொடுத்துவிடுங்கள், திறக்கவேண்டாம், உடைந்தது உடைந்தபடியே இருக்கட்டும் என்று சொன்னாய் அல்லவா, அப்போது அப்பா கூடத்தில்தான் இருந்தார்கள். அம்மா போனைக் கொஞ்சம் சத்தமாக வைத்திருந்தாள், அது தற்செயல் இல்லை என்று நினைக்கிறேன். மறுநாள் ஆபீஸ் முடிந்து வரும்போது வண்ணார்பேட்டையில் இறங்கி, பலவேசம் அண்ணாச்சியின் ஹார்டுவேர் கடையில் சூப்பர் குளூ ஐந்து குழாய் வாங்கி வந்து, உடை கூட மாற்றாமல் மச்சிலிருந்து உன் பெட்டியை இறக்கினார்கள்.

அந்தப் பெட்டி எப்படி உடைந்தது என்று உனக்குத் தெரியும், ஆனாலும் எழுதுகிறேன், ஏனென்றால் மூன்று வருஷமாக இந்த வீட்டில் ஒருவரும் அதை வாய்விட்டுச் சொன்னதில்லை. பேங்க் பரீட்சையில் இரண்டாம் முறையும் உன் எண் வராத அன்று, நீ ஒரு குதிரை வீரனுக்கு வர்ணம் தீட்டிக்கொண்டிருந்தாய். "பரீட்சையில கோட்ட விட்டுட்டு பொம்மைக்குப் பொட்டு வைக்கியோ" என்று கேட்டு அப்பா பெட்டியோடு தூக்கி முற்றத்தில் எறிந்தார்கள். நீ ட்யூஷன் எடுத்துச் சேர்த்து வரவழைத்து, கை வேறு கால் வேறாக வந்ததை ஒவ்வொன்றாகப் பொருத்தி நிற்கவைத்த முப்பத்தொரு உலோகச் சிப்பாய்களில் பத்தொன்பது உடைந்தன. நீ ஒரு வார்த்தை பேசாமல் பொறுக்கிப் பெட்டியில் போட்டாய், மூன்றாம் நாள் சென்னைக்குப் போனாய், பிறகு அவ்வளவு தூரம் போய்விட்டாய். அன்றிலிருந்து அப்பாவோடு நீ பேசவில்லை. அம்மா போனை அப்பாவிடம் நீட்டினால் வைத்துவிடுகிறாய். அதற்கு உன்னைக் குறை சொல்ல நான் எழுதவில்லை, நான் அன்று கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தேன், எனக்கும் எல்லாம் தெரியும்.

சரி, ஒட்டிய கதையைச் சொல்கிறேன். அப்பா முதலில் நிறையப் பசை விட்டால் நிறைய ஒட்டும் என்று நினைத்தார்கள். குழாயைப் பிதுக்கிப் பிதுக்கி ஊற்றியதில் பசை வழிந்து, சுண்டு விரல் ஒரு குதிரையின் காலோடு ஒட்டிக்கொண்டது, சோப்புத் தண்ணீரில் அரை மணி நேரம் ஊறவைத்த பிறகுதான் விட்டது. "குதிரை ஏறக் கிளம்பிட்டியளோ" என்று அம்மா கேட்டதற்கு அப்பா முறைத்தார்கள். காலையில் பார்த்தால் வாள் பிடித்த கைகள் எல்லாம் தொட்டவுடன் கழன்று விழுந்தன, மூன்று சிப்பாய்களின் சட்டையில் புகை படிந்தது போல வெள்ளைப் படலம் வேறு. அப்பா மறுபடியும் கடைக்குப் போனார்கள், அன்று நானும் கூடப் போனேன். பலவேசம் அண்ணாச்சி, "என்ன அண்ணாச்சி, நேத்து அஞ்சு இன்னைக்கு அஞ்சு, வீட்டுல கப்பல் கட்டுதியளோ?" என்று சிரித்தார். விஷயம் தெரிந்ததும், வழவழப்பான உலோகத்தில் பசை பிடிக்காது, ஒட்டுகிற இடத்தை உப்புத்தாளால் சொரசொரப்பாக்குங்கள் என்று ஒரு தாளையும் கையில் கொடுத்தார். தேய்த்து ஒட்டினோம். அதுவும் நிற்கவில்லை. ஒட்டும், ஒரு நாள் இருக்கும், பெட்டியில் எடுத்து வைக்கும்போது டக்கென்று பிரியும். மூன்றாம் தடவை ஒட்டும்போது வழிந்த பசையை அப்பா பஞ்சால் அழுத்தித் துடைத்தார்கள், பஞ்சிலிருந்து புகை வந்தது, கையை உதறுவதற்குள் இரண்டு விரலும் வெந்துவிட்டன. ஆஸ்பத்திரியில் நர்ஸ் அக்கா, "பசை சுடுமா சார், புதுசா இருக்கே" என்று கேட்டதற்கு அப்பா தலையைக் குனிந்துகொண்டு இருந்ததைப் பார்க்க எனக்குக் கஷ்டமாக இருந்தது. அவ்வளவு குனிந்து நான் பார்த்ததில்லை.

எங்கள் கெமிஸ்ட்ரி ஜெமிமா டீச்சரிடம் மறுநாள் இடைவேளையில் கேட்டேன். இந்தப் பசை காற்றிலும் பொருளின் மேலும் இருக்கிற துளி ஈரத்தைப் பிடித்துத்தான் இறுகும், பஞ்சிலே பட்டால் எல்லாம் ஒரே நேரத்தில் இறுகி அப்படிச் சூடாகும் என்று விளக்கினார்கள். அதை நோட்டில் எழுதிக்கொண்டேன். பிறகு, "ஒட்டுற எடத்துல எண்ணெய்ப் பிசுக்கு எதும் உண்டுமா? உலோகத்துல எண்ணெய் இருந்தா சாமியே வந்தாலும் ஒட்டாது பிள்ள, அதோட உப்புத்தாள் போட்டா எண்ணெயத்தான் கீறலுக்குள்ள தேய்ச்சு விடுவிய" என்றார்கள். மூன்று வருஷம் மச்சில் பூட்டிக் கிடந்த பெட்டிக்குள் எண்ணெய் எங்கிருந்து வரும் டீச்சர் என்று நான் உறுதியாகச் சொல்லிவிட்டு வந்தேன்.

வீட்டில் வந்து இதைச் சொன்னபோது அம்மா தோசைக்கல்லின் முன்னால் நின்றாள். தோசை கருகியது, அவள் திருப்பவில்லை. "நாந்தான் போட்டேன்" என்றாள். அண்ணா, ஒவ்வோர் ஆயுத பூஜைக்கும் நானும் அப்பாவும் குளிக்கப் போகும் நேரத்தில் அம்மா உன் பெட்டியை இறக்கியிருக்கிறாள். அரிவாள்மணைக்கும் தையல் மெஷினுக்கும் போடுகிற மாதிரியே, முப்பத்தொரு சிப்பாய்க்கும் ஒவ்வொருவராக நல்லெண்ணெய் தடவித் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, மேலே பட்டுத் துணி போட்டு மூடி, என் புத்தகங்களுக்கும் அப்பாவின் பேனாவுக்கும் நடுவில் வைத்திருக்கிறாள். பூஜை முடிந்ததும் துடைத்து மறுபடியும் மேலே ஏற்றிவிடுவாள். துணிக்கு அடியில் பழைய புராணப் புத்தகம் இருக்கிறது என்று நான் நினைத்திருந்தேன். மூன்று வருஷமும் அப்பா அதற்கு முன்னால் நின்று சூடம் காட்டியிருக்கிறார்கள். உடைந்த கைகளையும் கால்களையும் அம்மா விட்டுவைக்கவில்லை, துரு ஏறிவிடக் கூடாதே என்று உடைந்த முனையில்தான் அதிகமாகத் தடவியிருக்கிறாள். "அவன் ஆயுதம் அதுதானே, பிள்ள ஊருல இல்லன்னா அது சும்மா கெடக்கணுமா" என்று என்னைப் பார்த்துச் சொன்னாள், அப்பாவைப் பார்க்கவில்லை.

அப்பா முதலில் கேட்டது, "எங்கிட்ட ஏன் சொல்லல?" என்பதுதான். அதற்கு அம்மா, "சொன்னா? திரும்பயும் தூக்கி எறிஞ்சியள்னா?" என்றாள். கோபமாகக் கூடச் சொல்லவில்லை, சாதாரணமாகத்தான் சொன்னாள். அப்பா அன்று சாப்பிடவில்லை. அவர்கள் இருவரும் அதன் பிறகு என் மூலமாகத்தான் பேசிக்கொண்டார்கள், குடை எங்கே என்று கேட்பதற்குக் கூட நான் வேண்டியிருந்தது. யாசர் அண்ணன் புறப்பட அப்போது பன்னிரண்டு நாள்தான் இருந்தது, அப்பாவின் வலது கை கட்டுக்குள் இருந்தது, உடைந்தவர்கள் பத்தொன்பது பேரும் தட்டில் கிடந்தார்கள். எனக்கு அரைப் பரீட்சை வேறு. மூன்றாம் நாள் சாயங்காலம் நான் ஒரு தட்டில் வெந்நீர் எடுத்து, பாத்திரம் துலக்கும் சோப்பைக் கரைத்து, பழைய பல் பிரஷால் தேய்க்க ஆரம்பித்தேன். சிறிது நேரத்தில் அம்மா வந்து என் கையிலிருந்து பிரஷை வாங்கிக்கொண்டாள். அதன் பிறகு அப்பா வந்து, இடது கையால் மேஜை விளக்கைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். ஒருவரும் ஒருவரையும் கூப்பிடவில்லை.

இனி உடைந்தால் உனக்கு உதவும் என்பதால் நாங்கள் செய்த முறையை எழுதுகிறேன். சோப்புத் தண்ணீரில் கழுவி நல்ல தண்ணீரில் அலசி, ஒரு நாள் முழுக்க மின்விசிறிக்கு அடியில் காயவைத்தோம். அப்பாவின் கட்டுக்கு வாங்கிய சர்ஜிகல் ஸ்பிரிட் மீதியிருந்தது, ஒட்டும் முனையை மட்டும் அதில் துடைத்தோம், வர்ணத்தில் படாமல். பிறகு உப்புத்தாள், பிறகு மறுபடியும் ஸ்பிரிட், அதற்குப் பின் அந்த இடத்தை விரலால் தொடவே கூடாது. பசையைக் குழாயிலிருந்து நேராக விடாமல் குண்டூசி முனையில் கடுகளவு எடுத்து ஒரு பக்கம் மட்டும் வைத்து, அழுத்திப் பிடித்து நூறு எண்ண வேண்டும். அம்மா பிடிப்பாள், அவள் கை ஆடாது. அப்பா எண்ணுவார்கள். குதிரை மேல் ஆள், ஓங்கிய கை, கொடிக்கம்பம் மாதிரி கனமான இடங்களுக்குப் பசை மட்டும் போதாது. பலவேசம் அண்ணாச்சி விரலால் திருகுகிற சின்னத் துளைக்கருவி ஒன்று இரவல் தந்தார், இரண்டு பக்கமும் துளை போட்டு நடுவில் பேப்பர் கிளிப் கம்பித் துண்டு ஒன்றைச் செருகி ஒட்டினோம். மிக முக்கியம், ஒரு நாள் தொடாமல் விட வேண்டும். அப்பா பொறுக்காமல் முதல் வீரனின் கையை இழுத்துப் பார்த்து மறுபடியும் கழற்றிவிட்டார்கள், "நீங்க பைய இருங்க, எல்லாத்தையும் உடனே இழுத்துப் பாக்கணுமா" என்று அம்மா சொன்னாள். தோசை கருகிய அன்றைக்குப் பிறகு அவள் அப்பாவிடம் நேராகச் சொன்ன முதல் வார்த்தை அதுதான்.

இப்போது உடைந்தவர்களில் பதினெட்டுப் பேர் நிற்கிறார்கள். மேளக்காரன் ஒருவனின் கை மட்டும் கிடைக்கவே இல்லை, அன்று முற்றத்துச் சாக்கடையில் போயிருக்கும். தீக்குச்சியில் செதுக்கி வைக்கலாமா என்று அப்பா கேட்டார்கள், வேண்டாம் என்று நான்தான் சொன்னேன். வெள்ளைப் படலம் படிந்த மூன்று பேருக்கும் வர்ணம் பூசவில்லை, எந்த நிறம் என்பது உனக்குத்தான் தெரியும். எல்லோரையும் தனித்தனியாகத் துணியில் சுற்றியிருக்கிறோம். நேற்று யாசர் அண்ணன் வந்து பெட்டியைத் திறந்து பார்த்து, "மாமா, உள்ள ஒரு பட்டாளமே இருக்கே, ஏர்போர்ட்ல என்னயப் புடிச்சு வச்சிட்டான்னா நீங்கதான் வந்து எடுக்கணும்" என்று சொன்னபோது அப்பா கொஞ்சம் சிரித்தார்கள். பெட்டியைக் கைப்பையிலேயே வைத்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறோம். இந்தப் பசை இழுத்தால் தாங்கும், அடி பட்டால் தாங்காது என்று டீச்சர் சொன்னது எனக்கு இன்னும் உறுத்திக்கொண்டே இருக்கிறது. நீ திறக்கும்போது எத்தனை பேர் நிற்பார்கள் என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியாது. அதை அப்பாவிடமும் மறைக்கவில்லை.

இதுவரை எழுதியதை அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். முழுவதும் கேட்டுவிட்டு, தன் சார்பில் ஒரு பத்தி சொல்லத் தொடங்கினார்கள், "மேற்படி பெட்டி தொடர்பாக" என்று வந்தது, கிழித்துவிடச் சொன்னார்கள். இரண்டாவது, "அன்னைக்கு எனக்கு பிரஷர் கூடுதலா இருந்துது" என்று ஆரம்பித்தது, அதையும் அடிக்கச் சொன்னார்கள். பிறகு சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "வழியில எதாவது ஒடஞ்சுதுன்னா அவனே ஒட்டிர வேண்டாம். ஒடஞ்சுதுன்னு எங்கிட்ட ஃபோன் பண்ணிச் சொல்லச் சொல்லு. அம்மைக்கிட்ட இல்ல, எங்கிட்ட. ஏசணும்னா ஏசட்டும். அன்னைக்கு ஏசாமப் போய்ட்டான்."

அம்மா திருநீறு மடித்து இந்தக் கவரில் வைத்திருக்கிறாள், பூசிக்கொள். நெல்லையப்பரும் காந்திமதி அம்மையும் உன்னைக் கண்ணில் வைத்துக் காக்கட்டும் என்று இருவரும் சொல்கிறார்கள். பெட்டிக்குள் சந்தன வாசம் இருந்தால் கழுவிவிடாதே. இந்தக் கடிதத்தையும் பெட்டியையும் எடுத்துக்கொண்டு யாசர் அண்ணன் வெள்ளிக்கிழமை அங்கே இறங்குவார். சனிக்கிழமை அப்பாவுக்கு ஆபீஸ் இல்லை, நாள் முழுக்க வீட்டில்தான் இருப்பார்கள்.

உன் வரவை எண்ணி ஆசீர்வதிக்கும்
அப்பா குமரகுருபரன், அம்மா பிரம்மநாயகி.
அவர்களுக்காக எழுதியது, உன் தங்கை விஜயஸ்ரீ.