அப்பா குடிக்காத ஒயின்

ஆகஸ்ட் 9, வெள்ளி

காலையில் வாசல் கம்பத்தில் பைன் கிளையைக் கட்டினேன். கடை திறந்தாயிற்று, பத்து நாளைக்கு வந்து குடிக்கலாம் என்று ஊருக்கு அர்த்தம். ஐந்து தலைமுறைத் திராட்சைத் தோட்டம் என் கைக்கு வந்த பிறகு நானே செய்த முதல் ஒயின். வடிகட்டவில்லை, அதனால் கொஞ்சம் கலங்கலாக இருக்கும்.

"புர்கி, இதை யாருக்கு ஊத்தப் போற, பன்னிக்கா?" என்றார் அப்பா. வாயில் வைக்கவேயில்லை.

ஆகஸ்ட் 10

எதிர்வீட்டு கொன்ராட்டும் கிளை கட்டியிருக்கிறார். அப்பா அங்கே போய் உட்கார்ந்திருக்கிறார், அதுவும் தெருவைப் பார்த்த மேசையில். ஊரே பார்க்கட்டும் என்றுதானே? எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ரொட்டிக்குத் தடவும் பன்றிக்கொழுப்பில் உப்பை இரண்டு தடவை போட்டுவிட்டேன்.

ஆகஸ்ட் 12

யாரும் வரவில்லை.

ஆகஸ்ட் 15, மாதா விண்ணேற்புத் திருநாள்

பூசை முடிந்ததும் கூட்டம் மொத்தமும் எதிர்ப்பக்கம் திரும்பியது. தபால்காரர் மட்டும் வாசலில் நின்று சொல்லிவிட்டுப் போனார். "கோவிச்சுக்காதம்மா. அங்க உங்கப்பா உட்கார்ந்திருக்கார். அவரே குடிக்காததை நாங்க எப்படி..."

அவர் சொல்வதும் நியாயம்தான். அதுதான் வலிக்கிறது.

ஒயின் நன்றாகத்தான் இருக்கிறது. இல்லை, எனக்கு மட்டும்தான் அப்படியா? அடுத்த மாதம் அறுவடை. பழையபடியே வடிகட்டிப் பளபளவென்று செய்துவிடலாம். யாரோட மல்லுக்கட்டுறது — பெத்த அப்பாவோடயா? போதும். அவர் வழியே இருக்கட்டும்.

ஆகஸ்ட் 17, சனி

கொன்ராட்டின் மனைவி ஹெர்மினே மூச்சு வாங்க ஓடிவந்தாள். "உங்கப்பாவும் எங்க வீட்டுக்காரரும் முட்டிக்கிட்டாங்க, தெரியுமா?"

"உன் மவ பாத்திரம் கழுவின தண்ணிய விக்கிறா" என்று கொன்ராட் விளையாட்டாகச் சொன்னாராம். அப்பா எழுந்து நின்றுவிட்டாராம்.

"நீ குடிச்சுப் பார்த்தியாடா?"

"பார்த்தாலே தெரியுதே."

"நான் குடிச்சிருக்கேன். மார்ச்லேருந்து தினம் பீப்பாயிலேருந்து எடுத்துக் குடிக்கிறேன். உன்னுது அது பக்கத்துல நிக்காது."

கையிலிருந்த கிளாசை அவர்கள் பூந்தொட்டியிலேயே கவிழ்த்துவிட்டு வந்தாராம்.

மார்ச்சிலிருந்தா? பீப்பாயில் ஒயின் குறைந்துகொண்டே வந்தது. மரம் இழுக்கிறது என்று நினைத்து வாரம் தவறாமல் ஊற்றி நிரப்பினேனே. இந்த மனிதரை என்ன செய்வது? சிரித்துச் சிரித்து அழுகையே வந்துவிட்டது.

ஆகஸ்ட் 18, ஞாயிறு

மத்தியானம் அப்பா நம் முற்றத்துக்கு வந்து உட்கார்ந்தார். "அங்க இனிமே போக முடியாது. இங்கதான் குடிச்சாகணும்" என்றார், என்னவோ நான்தான் சண்டை மூட்டிவிட்டது மாதிரி. ஊற்றினேன். கொஞ்ச நேரத்தில் தபால்காரர் தலை தெரிந்தது. பின்னாலேயே பாதி ஊர். கொட்டகையிலிருந்து பெஞ்சுகளை இழுத்துப் போட வேண்டியதாயிற்று.

கூட்டத்துக்கு நடுவில் அப்பா என்னைக் கூப்பிட்டார். அறுவடைக்கு முன்னால் பாதாள அறையைக் காலிசெய்ய வேண்டுமாம்.

"அந்த வடிகட்டுற மிஷின் சும்மா இடத்த அடைச்சுக்கிட்டு நிக்குது. கொன்ராட்டுக்குக் குடுத்துடு. அவனுக்குத்தான் அது வேணும்."