ஐப்பசி ஒன்பதாம் நாளைக் குறித்து வல்லிறையருக்கு விடுத்த ஓலை

வெண்ணாரை நாட்டையும் அதன் ஐந்து ஆற்றுத்துறைகளையும் காத்து நிற்கும் அரசி நல்லினி தேவியார், அக்கரையில் கருவேல நாட்டை ஆளும் வல்லிறையருக்கு விடுக்கும் ஓலை. உமது குடிகள் நலமாக இருக்கட்டும். உமது வயல்கள் விளையட்டும். உமக்கென்று தனியே வாழ்த்துச் சொல்ல இவ்வாண்டு நமக்கு மனம் வரவில்லை.

வரும் ஐப்பசி ஒன்பதாம் நாள் உமக்கு இருபத்திரண்டு வயது நிறைகிறது என்றும், அன்று ஆற்றின் இரு கரையிலும் விளக்கேற்ற வேண்டும் என்றும் ஆணை சுமந்து, உமது அதிகாரி கோடனார் சென்ற திங்களில் நமது மணற்றுறைக்கு வந்தார். அவ்வூரார் அந்நாளில் விளக்கேற்றுவதில்லை. நீர் பிறந்த அதே நாளில், நமது படையை அழிக்க எண்ணி உமது தந்தையார் மேலணையை வெட்டிவிட்டார். படை மேட்டில் இருந்தது. ஊர் பள்ளத்தில் இருந்தது. முந்நூறு பேர் மாண்டனர். ஊரார் சேற்றில் இறங்கி உடல்களைத் தேடியபோது, நீர் பிறந்த மகிழ்ச்சி முரசு அக்கரையில் முழங்கிக்கொண்டிருந்தது.

அன்று ஓடக்காரன் ஒருவனின் மனைவி செங்கணி, கணவனை வெள்ளத்துக்குக் கொடுத்துவிட்டுக் கரைமேட்டில் ஒரு பெண்ணை ஈன்றாள். அப்பெண் மருதியே உமது அதிகாரியின் முன் வந்து நின்றவள். அவள் சொன்னதைச் சொன்னபடியே எழுதச் செய்தோம்: "உங்க ராசா பொறந்ததும் அன்னைக்குத்தான், நான் பொறந்ததும் அன்னைக்குத்தான், எங்கப்பன் செத்ததும் அன்னைக்குத்தான். இதுல எதுக்கு ஐயா வெளக்கேத்தச் சொல்றீங்க?"

அதற்குக் கோடனார் அவள் கைகளைக் கட்டி ஓடத்திலேற்றி உமது சிறைக்குக் கொண்டுபோனார். தடுத்த தாயின் தோளெலும்பு முறிந்தது.

தந்தை செய்ததற்கு அன்று பிறந்த குழந்தை என்ன செய்யும் என்று இத்தனை ஆண்டும் நமது அவையில் உமக்காக வாதாடியவர் நாமே. இப்போது நடந்தது உமது ஆணை. இதன் பழியை வேறெவர்மேலும் வைக்க நமக்கு வழியில்லை.

ஐப்பசி ஒன்பதுக்கு முன் மருதி மணற்றுறையில் கரையேற வேண்டும். கோடனார் உடன் வந்து செங்கணியின் முன் தலை தாழ்த்த வேண்டும். தவறினால் அன்று விடியும்போது நமது யானைப்படை உமது கோட்டை வாயிலில் நிற்கும். விழாவுக்கு வரும் விருந்தினரை முன்னதாகவே அனுப்பிவிடும்.

புரட்டாசிப் பன்னிரண்டாம் நாள் நாரை இலச்சினையிட்டு விடுத்தோம். தூதர் உமது வாயிலில் மூன்று நாள் காத்திருப்பார். மறு ஓலை வேண்டா, அவளை அனுப்பும்.