என் கண் காட்டிக் கொடுத்த தம்பி

என்னங்க, நான்தான். உங்கள் போட்டோவுக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறேன். வாயால் சொன்னால் பாதியில் அழுதுவிடுவேன், அதனால் எழுதுகிறேன்.

சிரிக்காமல் கேளுங்கள். நான் சினிமாவில் நடித்துவிட்டேன். போலீஸ் கேங்குகளை வேட்டையாடும் படம். அதில் உங்கள் பெண்டாட்டி யார் தெரியுமா? கேங் தலைவனைப் பெற்ற தாய். போலீஸ் சார்ஜன் வீட்டுக்காரிக்கு வந்த வாழ்வைப் பாருங்கள். அந்த ஒரு காட்சியால் என் தம்பி செல்வத்தை இழந்துவிடுவேனோ என்று பயந்து, படம் வந்த நாளிலிருந்து சோறு தொண்டையில் இறங்கவில்லை. இன்றைக்குத்தான் இறங்கியது.

கரங்கானுக்குப் பக்கத்துத் தோட்டத்தில், ஆளில்லாமல் கிடக்கும் பழைய லயத்து வீட்டில்தான் படம் பிடித்தார்கள். தாய் வேடத்துக்கு வரவேண்டியவள் வரவில்லை. நான் வேலை பார்க்கும் கேண்டீனிலிருந்து அவர்களுக்குச் சாப்பாடு கொண்டுபோன என்னைப் பார்த்து டைரக்டர் பையன், "அம்மா, நீங்களே நடிச்சிருங்கலா. ஒரே வார்த்தைதான்" என்றான். போலீஸ் வந்து மகன் எங்கே என்று கேட்பார்கள், நான் "தெரியாது சார்" என்று சொல்ல வேண்டும். அவ்வளவுதான்.

இன்ஸ்பெக்டராக நடித்த பிள்ளை சட்டையை உடம்போடு சேர்த்துத் தைத்திருந்தான். உங்கள் தொந்தி அதில் பாதிகூட நுழையாது. ஆனாலும் பூட்ஸ் சத்தத்தோடு உள்ளே வந்து "மகன் எங்கம்மா?" என்று அவன் கேட்டதும் இது படம் என்பதே எனக்கு மறந்துவிட்டது. வாய் "தெரியாது சார்" என்றது. கண் தானாகப் பின்பக்கக் குளியலறைக்குப் போய்விட்டது.

"அந்தப் பார்வை போதும்மா, திரும்ப எடுக்க வேணாம்" என்று டைரக்டர் கை தட்டினான். பாராட்டாம். நடித்திருந்தால்தானே பாராட்டுவதற்கு?

உங்களுக்குத் தெரியாததா? பல வருஷத்துக்கு முன் கூலிமில் நடந்த கேங் சண்டையில் ஒருவனுக்கு வெட்டு விழுந்து, அந்தக் கூட்டத்தில் இருந்த செல்வம் ஓடிவந்து நம் வீட்டுக் குளியலறையில் ஒளிந்தான். நீங்கள் இரண்டு போலீஸ்காரர்களோடு வந்து "செல்வம் வந்தானா?" என்று கேட்டீர்கள். "வரல" என்றேன். கண் போய்விட்டது. என்னை ஒரு முறை பார்த்துவிட்டு நேரே பின்னால் போனீர்கள். அவனைப் பிடித்துக்கொண்டு வரும்போது எல்லார் காதிலும் விழும்படி, "வாசல்ல கெடந்த செருப்பப் பார்த்தேன், ஆளு உள்ளதான்னு தெரிஞ்சிருச்சு" என்றீர்கள்.

நான் அழுதபோது என்ன சொன்னீர்கள்? "உனக்கு இருக்கிறது ஒரே தம்பி. அவன் என்னையே திட்டட்டும். போலீஸ்காரன் காது, திட்டு வாங்கிப் பழகுனது."

அப்படியே திட்டினான். சிறையிலிருந்து வந்தவன் தஞ்சோங் டாவாயில் மீன் படகு வேலைக்குப் போய்விட்டான். எனக்குப் போன் பண்ணுவான். வீட்டுக்கு வாடா என்றால், "அந்தாளு வாசப்படி மிதிக்க மாட்டேன்" என்பான். நீங்கள் இறந்தபோதும் வரவில்லை. மச்சான் முறைக்கு ஆளில்லாமல்தான் உங்களை எடுத்துப் போனார்கள். பழி உங்களுக்கு, பாசம் எனக்கு. இது என்ன நியாயம்?

படம் வந்ததும், அலோர் ஸ்டாரில் வேலை பார்க்கும் நம் மகள் கவிதா கூட்டிப்போய்க் காட்டினாள். கேங் தலைவன் வரும்போதெல்லாம் விசிலடித்த பையன்கள், திரை முழுக்க என் முகம் வந்ததும் அடங்கிவிட்டார்கள். கவிதா பெருமையில் என் கையை அமுக்கினாள். எனக்கோ, செல்வம் பார்த்தால் உண்மையைக் கண்டுபிடித்துவிடுவானே என்ற நினைப்புதான். அக்கா முகம் அவனுக்குத் தெரியாதா?

இன்று காலை மோட்டார் சத்தம். கேட்டுக்கு வெளியே செல்வம். தலை நரைத்துவிட்டதுங்க.

"படம் பார்த்தேன்" என்றான்.

"அன்னைக்கும் இப்படித்தான் பாத்தியாக்கா?"

இனி என்ன பொய்? "ஆமாடா. நான்தான் காட்டிக் குடுத்தேன். மாமா எந்தச் செருப்பையும் பார்க்கல."

"அது எனக்குத் தெரியும்லா. நான் வெறுங்கால்ல ஓடி வந்தேன்."

நான் கேட்டைப் பிடித்துக்கொண்டேன்.

"மாமா யாரையோ காப்பாத்தப் பொய் சொல்றாருன்னு அப்பவே புரிஞ்சிருச்சு. கூட்டாளிங்கள்ல ஒருத்தன்தான் போட்டுக் குடுத்துட்டான், அவனை மறைக்கிறாருன்னு நெனச்சுத்தான் மாமா மேலயும் கோவம். அந்தக் கூட்டத்து மேல இருந்த வெறுப்புலதான் வெளிய வந்தும் அவனுங்க பக்கம் போகல. போனவன்ல பாதிப் பேரு உசுரோட இல்லக்கா. நீதான்னு தெரிஞ்சிருந்தா, கோவத்துல நேரா அவனுங்ககிட்டதான் போயிருப்பேன்."

"இப்ப கோவம் இல்லையாடா?"

"இருந்துச்சு. படம் முடிஞ்சு வெளிய வர்ற வரைக்கும்."

மோட்டார் பெட்டியிலிருந்து ஒரு சேலையை எடுத்துக் கொடுத்தான். பிறந்த வீட்டுக் கோடி. நீங்கள் போன அன்று தம்பி கொண்டுவந்து எனக்குப் போர்த்தியிருக்க வேண்டியது. "வெள்ளை வாங்கத்தான் போனேன், மனசு வரல" என்றான். நல்ல கிளிப்பச்சை. அதை முகத்தில் வைத்துக்கொண்டு, அக்கம்பக்கம் பார்க்க அழுதேன். நிம்மதியில் அழுவது இவ்வளவு சுகமா, என்னங்க?

உங்கள் போட்டோ முன்னால் வெகு நேரம் நின்றான். என்ன சொன்னான் என்று நான் கேட்கவில்லை. பிறகு "பசிக்குதுக்கா" என்றான். இரண்டு பேரும் சேர்ந்து சாப்பிட்டோம்.

ஒன்று மட்டும் கேட்க வேண்டும். அவன் வெறுங்காலோடு நின்றது உங்கள் கண்ணில் படாமலா இருந்திருக்கும்? அவசரத்தில் வாயில் வந்த பொய்யா, அவன் கூட்டாளிகளை வெறுக்கட்டும் என்று யோசித்துச் சொன்னதா? கேட்டால் மீசைக்குள் சிரித்துவிட்டுப் போவீர்கள். உங்களை எனக்குத் தெரியாதா.

வருகிற உங்கள் திதிக்குப் படையல் போடுவது தன் பொறுப்பு என்று செல்வம் சொல்லிவிட்டான். சொந்தபந்தம் எல்லாரும் வருவார்கள். அவர்கள் முன்னால் எழுந்து நின்று, தம்பியைக் காட்டிக் கொடுத்தது இவர் இல்லை, நான்தான் என்று சொல்லப் போகிறேன். இது சத்தியம். இத்தனை வருஷம் என் பழியை நீங்கள் சுமந்தது போதும், இறக்கி வையுங்கள். அதை வாங்கிக்கொள்ள எனக்கு இப்போது பயமில்லை.

உங்கள் பெண்டாட்டி,
செல்வத்தின் அக்கா,
மங்கை