பாறை மேட்டில் சொன்ன பொய்

வியாழக்கிழமை இரவு

தோள்பட்டை எலும்பு கூடி, இரண்டு மாதம் கழித்து இன்றுதான் கம்பெனியின் புது மாடல் டெஸ்ட் பைக்கில் ஏறினேன். ஜவளகிரி பக்கத்துக் காட்டுத் தடத்தில், நான் அன்று விழுந்த அதே பாறை மேடு. நூறு தடவைக்கு மேல் ஏற்றியிருப்பேன். இன்று அதன் அடிக்குப் போனதும் கை தானாகப் பிரேக்கைப் பிடித்துவிட்டது. மூன்று முறை முயன்றேன். மூன்று முறையும் அங்கேயே நின்றேன்.

நோட்டுடன் நின்றிருந்த இன்ஜினியர் பிரியா ஓடி வந்தாள். “என்னாச்சுண்ணா?”

“முன் ஃபோர்க் சரியில்ல மேடம். கல்லுல ஏறுறப்ப அப்படியே அமுங்கிப் போவுது.”

வாய்க்கு வந்த பொய். முன் சக்கரத்தைத் தாங்கும் அந்த ஃபோர்க்கில் எனக்கு ஒரு குறையும் தெரியவில்லை. பயம் என்று சொன்னால் வண்டியை வேறு ஆளிடம் கொடுத்துவிடுவார்கள். பதினொரு வருடமாக எனக்கு இதைத் தவிர வேறு வேலை தெரியாது. அவள் நான் சொன்னதை அப்படியே எழுதிக்கொண்டாள். வண்டியை லாரியில் ஓசூர் ஃபேக்டரிக்கு ஏற்றிக்கொண்டு போனார்கள்.

எட்டு மணிக்கு அவளே போன் செய்தாள். “நீங்க சொன்னது கரெக்ட்டுண்ணா! பிரிச்சுப் பார்த்தோம், ஃபோர்க்குல ஆயில் கம்மியா இருந்துச்சு. உங்க கைக்குத்தான் இதெல்லாம் தெரியும்னு சார்கிட்ட சொன்னேன். எல்லாம் சரி பண்ணியாச்சு. காலையில ஏழு மணிக்கு அதே மேட்டுல ஏத்திப் பார்த்துடலாம்.”

அவள் குரலில் அத்தனை மரியாதை. உண்மையைச் சொல்ல அந்த ஒரு நேரம்தான் இருந்தது.

“சரி மேடம், வந்துடறேன்” என்றேன்.

வண்டியில் இனி ஒரு குறையும் இல்லை.